காய்ச்சல் இல்லை, ஆனால் ரிப்போர்ட்டில் கிருமி: அப்பாவுக்கு மறுபடியும் ஊசி வேண்டுமா?

எழுதியிருப்பவர் ஒரு மகள். பெயரும் ஊரும் வெளியில் தெரிய வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். அவருடைய அப்பாவுக்கு 71 வயது. பல வருடமாகச் சர்க்கரை நோய். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததால் அறுவை சிகிச்சை செய்தார்கள். அது நன்றாகவே முடிந்தது. ஆனால் சிறுநீர்க் குழாயோடு படுத்திருந்தவருக்கு ஆறாம் நாள் இரவு கட்டிலே ஆடுகிற அளவுக்குக் குளிர் நடுக்கம், 103 டிகிரி காய்ச்சல். மகளையே யாரென்று கேட்டிருக்கிறார்.

ரத்தமும் சிறுநீரும் கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு, எடுத்த கையோடு பிப்பராசிலின்-டாசோபாக்டம் என்ற ஆண்டிபயாடிக் ஊசியை ஆரம்பித்தார்கள். ஆஸ்பத்திரியில் எல்லோரும் சுருக்கமாகப் ‘பிப்டாஸ்’ என்பார்கள். மூன்றாம் நாள் ரிப்போர்ட் வந்தது. இரண்டு மாதிரியிலும் கிளெப்சியெல்லா என்ற கிருமி, அதிலும் பல மருந்துகளை எதிர்க்கும் ஈ.எஸ்.பி.எல். வகை. மருந்துப் பட்டியலில் பாதிக்கு மேல் ‘ஆர்’, அதாவது வேலை செய்யாது. பிப்டாஸுக்கு நேராக ‘எஸ்’, வேலை செய்யும். அப்படியிருந்தும் டாக்டர் அதை நிறுத்திவிட்டு மெரோபெனெம் என்ற வேறு ஆண்டிபயாடிக் ஊசி போட்டார். இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கியது, குழாயை எடுத்தார்கள். ஏழு நாள் மெரோபெனெம் கொடுத்து, நிறுத்தி, வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

இது நடந்து ஐந்து வாரம் ஆகிறது. அப்பா வாக்கர் பிடித்து நடக்கிறார். கண்புரை அறுவைக்கு நாள் குறித்திருப்பதால், ‘எதற்கும் பார்த்துவிடுவோம்’ என்று வீட்டாரே சிறுநீர் கல்ச்சர் செய்து பார்த்திருக்கிறார்கள். அதே கிளெப்சியெல்லா, மில்லிலிட்டருக்கு ஒரு லட்சத்துக்கு மேல். பக்கத்தில் பார்க்கும் டாக்டர், இன்னும் ஏழு நாள் மெரோபெனெம் ஏற்றிவிடலாம் என்கிறார். தம்பியும் அதையே சொல்கிறார்.

மகளின் கேள்விகள் இவை. முதலில் கொடுத்தது தவறான மருந்தா? ‘எஸ்’ என்று இருந்த மருந்தை மாற்றியது பணத்துக்காகவா? ஏழே நாளில் நிறுத்தியதால்தான் கிருமி திரும்பியதா? மறுபடியும் ஊசி போடலாமா? தம்பியின் மனைவி ஆறு மாத கர்ப்பிணி. அப்பாவைத் தனி அறையில் வைக்க வேண்டுமா? கடைசியாக, கொஞ்சம் தயங்கித்தான் எழுதியிருக்கிறார்: “சளி, தொண்டை வலி என்றால் அசித்ரோமைசின் வாங்கிக் கொடுத்தது நான்தான் டாக்டர். அப்பா உடம்பை மருந்துக்குப் பழக்கிவிட்டது நானா?”

அன்புள்ள வாசகிக்கு,

அவசரமான கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இப்போதைக்கு ஊசி வேண்டாம். காய்ச்சல் இல்லை, எரிச்சல் இல்லை, அடிவயிற்றிலோ விலாவிலோ வலி இல்லை, சாப்பாடும் தூக்கமும் பழையபடி என்று எழுதியிருக்கிறீர்கள். நிலைமை அப்படியேதான் இருக்கிறது என்றால் அந்த ரிப்போர்ட்டுக்காக மெரோபெனெம் ஏற்ற வேண்டியதில்லை. நான் அப்பாவை நேரில் பார்க்கவில்லை. அதனால் இந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு, ஆஸ்பத்திரியில் அவருக்கு வைத்தியம் பார்த்த டாக்டரிடமே ஒரு முறை பேசிவிடுங்கள். அவசரம் இல்லை, இந்த வாரத்துக்குள் போனால் போதும்.

கிருமி இருப்பது வேறு, தொற்று வேறு

சிறுநீரில் கிருமி என்றாலே தொற்று என்று நினைப்பது இயல்புதான். சிறுநீர் சுத்தமாக, கிருமியே இல்லாமல் இருக்க வேண்டும் என்றுதான் நாங்களும் ஒரு காலத்தில் படித்தோம். நிஜத்தில் வயதானவர்கள் பலருக்கு எந்தத் தொந்தரவும் தராமல் சிறுநீர்ப்பையில் கிருமி குடியிருக்கிறது. முதியோர் இல்லங்களில் வாழும் பெண்களைச் சோதித்தால் கால்வாசியிலிருந்து பாதிப் பேர் வரை இப்படி இருப்பார்கள், ஆண்களிலும் கணிசம். சர்க்கரை நோய் இருந்தால் வாய்ப்பு இன்னும் கூடும். சிறுநீர் கலங்கலாக இருப்பதும் வாடை அடிப்பதும்கூடத் தொற்றுக்கு அடையாளம் ஆகாது. எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தாண்டியிருந்தாலும், கிருமி எத்தனை மருந்தை எதிர்த்தாலும், அறிகுறி இல்லாத வரையில் சிகிச்சை வேண்டியதில்லை.

விதிவிலக்கு உண்டு. ஒன்று, கர்ப்பிணிகள். இன்னொன்று, சிறுநீர்ப் பாதைக்குள் கருவி விட்டு, உள்தோலில் ரத்தம் கசியும்படி செய்யும் அறுவைகள். கண்புரை அறுவை இதில் சேராது. கண் அறுவைக்கு முன்னால் சிறுநீர் கல்ச்சர் பார்த்திருக்கவே வேண்டாம். நல்ல எண்ணத்தில் செய்தீர்கள். ஆனால் கேட்கத் தேவையில்லாத கேள்விக்குப் பதில் வாங்கினால், அந்தப் பதிலை என்ன செய்வது என்பது புதுத் தலைவலி ஆகிவிடுகிறது.

இதை நான் எங்கே கற்றேன் என்றும் சொல்ல வேண்டும். வேலையில் சேர்ந்த புதிதில், முழங்கால் அறுவைக்குக் காத்திருந்த ஒரு பாட்டிக்கு இதே மாதிரி ரிப்போர்ட் வந்தது. பாட்டிக்கு ஒன்றுமே இல்லை. ‘எதற்கு வம்பு, சுத்தம் செய்துவிட்டே அனுப்புவோம்’ என்று ஆண்டிபயாடிக் எழுதினேன். ஐந்தாம் நாள் வயிற்றுப்போக்கு பிடித்துக்கொண்டது. ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை. குடலில் இருந்த நல்ல நுண்ணுயிர்களை என் மருந்து அழித்துவிட, அந்த இடத்தில் கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற கிருமி பெருகிவிட்டது. அறுவை இரண்டு மாதம் தள்ளிப்போனது. சிறுநீரில் மறுபடி பார்த்தபோது பழைய கிருமி அப்படியே இருந்தது.

உங்கள் அப்பா விஷயத்தில் ஆபத்து இன்னும் ஒரு படி அதிகம். மெரோபெனெம் நாளுக்கு மூன்று வேளை நரம்பு வழியே ஏற்ற வேண்டிய மருந்து. ஊசிக்குழாய் ஏழு நாள் கையில் இருக்கும்; அதுவே கிருமி நுழைய ஒரு வழி. அதைவிடப் பெரிய கவலை, குடலில் இருக்கும் கோடிக்கணக்கான கிருமிகளில் மெரோபெனெமையும் எதிர்க்கக்கூடியது எங்கோ ஒன்றிரண்டு இருந்தால், மற்றவற்றைக் கொன்று அதற்கு இடம் பண்ணிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். அப்படி ஆகிவிட்டால் அடுத்த காய்ச்சலுக்குக் கைவசம் இருக்கும் மருந்துகள் மிகக் குறைவு. செஃப்டாசிடிம்-அவிபாக்டம், செஃபிடெரோகோல் போன்ற சில புதிய மருந்துகள் இருக்கின்றன. அவையும் எல்லாக் கிருமிக்கும் எடுபடாது. அப்புறம் கோலிஸ்டின். சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று 1970களில் ஓரங்கட்டி, வேறு வழியில்லாமல் நாங்கள் மறுபடியும் தூசு தட்டி எடுத்த பழைய மருந்து. சர்க்கரை நோயுள்ள 71 வயதுக்காரருக்கு அதைக் கொடுக்கும் நிலை வரக்கூடாது.

அம்மா சொன்ன ஒரு விஷயத்தைக் கடிதத்தின் ஓரத்தில் சிறிய எழுத்தில் எழுதியிருந்தீர்கள்: ‘முன்னைப்போல் இல்லை, கொஞ்சம் மந்தமாக இருக்கிறார், பேர் மறந்துபோகிறது.’ இதை வைத்துத்தான் தம்பி ஊசிக்கு அவசரப்படுகிறார் என்று தோன்றுகிறது. கடுமையான தொற்றின்போது மனக்குழப்பம் வந்தவர்களுக்கு அது முழுதாகத் தெளிய வாரங்கள், சிலருக்கு மாதங்கள் ஆகும். இவர் நாளுக்கு நாள் தேறித்தான் வருகிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதுதான் எனக்கு முக்கியம். காய்ச்சலோ சிறுநீர்த் தொந்தரவோ இல்லாத மந்தத்துக்குச் சிறுநீர்க் கிருமியைக் குற்றவாளியாக்கிவிட்டால், உண்மையான காரணத்தைத் தேடாமல் விட்டுவிடுவோம். தூக்க மாத்திரை, வலி மாத்திரை, சர்க்கரை இறங்கிப்போவது, ரத்தத்தில் சோடியம் குறைவது, மலச்சிக்கல், தண்ணீர் குடிக்காமல் இருப்பது, இவற்றையெல்லாம் முதலில் பாருங்கள். கண்புரை இருப்பவருக்குப் பார்வை மங்கினாலே பாதி உலகம் மங்கிவிடும். அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் மருந்து தவறா?

தவறு என்று நான் சொல்ல மாட்டேன். கல்ச்சர் என்பது கிருமியை வளர்த்துப் பார்ப்பது. ரத்தப் புட்டியில் கிருமி தலைகாட்டவே பெரும்பாலும் ஒரு நாள் ஆகும். அதைப் பிரித்து, எந்த வகை என்று கண்டுபிடித்து, எந்த மருந்துக்குச் சாகும் என்று பார்ப்பதற்குள் இரண்டு மூன்று நாள் ஓடிவிடும். குளிர் நடுக்கமும் குழப்பமுமாக இருக்கும் ஒருவரை ரிப்போர்ட் வரும்வரை வெறுமனே வைத்திருக்க முடியாது. ரத்த அழுத்தம் சரிகிற அளவுக்குத் தொற்று முற்றியிருந்தால் முதல் ஊசி ஒரு மணி நேரத்துக்குள் போக வேண்டும் என்பதுதான் இன்றைய வழிகாட்டுதல். அதனால் அந்த ஆஸ்பத்திரியில் எந்தக் கிருமிகள் அதிகம், இவருக்கு எங்கிருந்து தொற்று வந்திருக்கலாம் என்று அனுமானித்து முதல் மருந்தைத் தேர்வு செய்கிறோம். அனுமானம்தான், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு போட்டது இல்லை.

நான் உங்கள் கடிதத்தில் தேடியது வேறு இரண்டு விஷயங்களை. முதல் ஊசிக்கு முன்னால் ரத்தம் எடுத்தார்களா? எடுத்திருக்கிறார்கள். ரிப்போர்ட் வந்ததும் அதைப் படித்து மருந்தை மறுபரிசீலனை செய்தார்களா? அன்றைக்கே செய்திருக்கிறார்கள். இந்த இரண்டில் ஒன்று நடக்காமல் போயிருந்தால் உங்கள் கோபத்தோடு நானும் சேர்ந்திருப்பேன்.

புகார் சொல்ல வேண்டும் என்றால் ஒன்று இருக்கிறது, சிறுநீர்க் குழாய். இடுப்பு அறுவைக்குப் பிறகு ஓரிரு நாளில் அதை எடுத்துவிட முடியும். உங்கள் அப்பாவுக்கு ஆறாம் நாளும் இருந்திருக்கிறது. குழாய் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் சிறுநீரில் கிருமி சேரும் வாய்ப்பு 3 முதல் 7 சதவீதம் கூடிக்கொண்டே போகும். குழாயின் உட்புறத்தில் பாசி மாதிரி ஒரு படலம் கட்டிக்கொண்டு கிருமிகள் அதற்குள் பதுங்கிவிடும். மருந்து அதற்குள் சரியாகப் போகாது. வைத்திருந்ததற்கு மருத்துவக் காரணம் ஏதாவது இருந்திருக்கலாம், சிறுநீர் அடைப்பு மாதிரி. அதைக் கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. சண்டையாகக் கேட்க வேண்டாம். “எதற்காக ஆறு நாள் வைத்தீர்கள், குறிப்பில் எழுதியிருக்கிறதா?” என்று கேட்டால் போதும்.

‘எஸ்’ என்று இருந்த மருந்தை மாற்றியது ஏன்?

நீங்கள் அனுப்பிய ரிப்போர்ட்டின் நகலைப் பார்த்தேன். சிவப்புப் பேனாவில் இரண்டு வட்டம் போட்டிருக்கிறீர்கள். சிப்ரோஃப்ளோக்சசினுக்கு நேரே 4, ‘ஆர்’. பிப்டாஸுக்கு நேரே 8, ‘எஸ்’. பக்கத்தில் ‘8 பெரியது, அப்போ இதுதானே நல்ல மருந்து?’ என்று எழுதியிருக்கிறீர்கள். பலர் இதையே நேர்மாறாக, ‘சின்ன எண்தான் நல்ல மருந்து’ என்று படிப்பார்கள். இரண்டுமே சரியில்லை. ஒரு மில்லிலிட்டரில் எத்தனை மைக்ரோகிராம் மருந்து இருந்தால் இந்தக் கிருமியின் வளர்ச்சி நிற்கும் என்பதுதான் அந்த எண். ஒவ்வொரு மருந்தும் ரத்தத்தில் எட்டும் அளவு வேறு வேறு என்பதால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எல்லைக்கோடு. சிப்ரோவுக்கு 4 என்பது எல்லையைத் தாண்டி வெகு தூரம். பிப்டாஸுக்கு 8 என்பது சரியாக எல்லைக்கோட்டிலேயே நிற்கிறது, அதைத் தாண்டவில்லை. ஒரு மருந்தின் எண்ணை இன்னொரு மருந்தின் எண்ணோடு ஒப்பிடவே கூடாது.

சரி, எல்லைக்குள்தானே இருக்கிறது, பிறகு ஏன் மாற்றினார்? உங்கள் அப்பாவின் கிளெப்சியெல்லா ஈ.எஸ்.பி.எல். என்ற நொதியைச் சுரக்கிறது. பென்சிலின் குடும்பத்தையும் செஃபலோஸ்போரின் குடும்பத்தையும் உடைத்துப் போடுகிற நொதி. 1983இல் ஜெர்மனியில் முதலில் விவரிக்கப்பட்டது. பிப்டாஸில் இருக்கும் டாசோபாக்டம் இந்த நொதியைத் தடுக்கத்தான் சேர்க்கப்பட்டது. பரிசோதனைச் சாலையில் குறைந்த எண்ணிக்கையிலான கிருமிகளை வைத்துப் பார்க்கும்போது அது சமாளித்துவிடுகிறது. கிருமி நிறைய இருக்கும் உடம்பில் திணறிப்போகலாம்.

இது வெறும் தத்துவம் இல்லை. 2018இல் வெளியான ‘மெரினோ’ ஆய்வில் உங்கள் அப்பாவைப் போன்றவர்களையே எடுத்துக்கொண்டார்கள்: ரத்தத்தில் ஈ.கோலையோ கிளெப்சியெல்லாவோ, செஃப்ட்ரியாக்சோன் என்ற செஃபலோஸ்போரின் மருந்துக்கு அடங்காதது, ஆனால் பிப்டாஸுக்கு ‘எஸ்’. பிப்டாஸ் பெற்றவர்களில் 30 நாளுக்குள் 12.3 சதவீதம் பேர் இறந்தார்கள். மெரோபெனெம் பெற்றவர்களில் 3.7 சதவீதம். அந்த ஆய்வின் பரிசோதனை முறையைப் பற்றிப் பிறகு விவாதங்கள் நடந்தன. ஆனாலும் ரத்தத்தில் ஈ.எஸ்.பி.எல். என்றால் பிப்டாஸை நம்பி உட்காரத் தயங்குகிறவர்கள்தான் எங்களில் அதிகம். உங்கள் டாக்டர் செய்தது பணம் பார்க்கிற வேலை அல்ல. நானாக இருந்தாலும் அன்றைக்கு அதையேதான் செய்திருப்பேன்.

அன்றைக்கு மெரோபெனெம் சரி, இன்றைக்கு வேண்டாம் என்று ஒரே மருந்தைப் பற்றி இரண்டு விதமாகச் சொல்கிறேனே என்று உங்களுக்குத் தோன்றலாம். அன்றைக்குக் கிருமி ரத்தத்தில் இருந்தது. ஆள் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தார். இன்றைக்கு அது சிறுநீரில் சும்மா இருக்கிறது. அவர் வாக்கரில் நடந்துகொண்டிருக்கிறார். கிருமியின் பெயர் ஒன்றுதான், நோயாளியின் நிலைமை வேறு.

இதோடு ஒட்டி இன்னொன்று. ‘வீரியமான மருந்து’ என்ற சொல் உங்கள் கடிதத்தில் நாலைந்து இடத்தில் வருகிறது. ஆண்டிபயாடிக்கில் அப்படி ஒரு ஏணி கிடையாது. மெரோபெனெம் அதிக வகைக் கிருமிகளைக் கொல்லும், அவ்வளவுதான். சாதாரண மருந்துக்கு அடங்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற கிருமி ரத்தத்தில் இருந்தால் செஃபசோலின் என்ற பழைய, எளிய மருந்துதான், ‘வீரியமானது’ என்று பலர் நினைக்கும் வேன்கோமைசினைவிட நன்றாக வேலை செய்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2017 முதல் ஆண்டிபயாடிக்குகளைப் பிரித்து வைத்திருக்கிறது: தாராளமாகக் கிடைக்க வேண்டியவை, கவனித்துப் பயன்படுத்த வேண்டியவை, கடைசிக்கென்று ஒதுக்கி வைக்க வேண்டியவை. மெரோபெனெம் இரண்டாவது கூடையில் இருக்கிறது. கோலிஸ்டின் மூன்றாவதில்.

ஏழு நாளில் நிறுத்தியது

‘கோர்ஸை முடிக்காவிட்டால் கிருமி எதிர்ப்பு பெற்றுவிடும்’ என்று நாங்களே வருடக்கணக்கில் சொல்லிவந்திருக்கிறோம். அதனால் உங்கள் சந்தேகத்துக்கு நாங்களும் பொறுப்பு. 1945 டிசம்பரில் நோபல் உரையில், பென்சிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங் ஒரு கற்பனைக் கதை சொன்னார். தொண்டை வலிக்கு ஒருவர் தானே பென்சிலின் வாங்கி அரைகுறையாகப் போட்டுக்கொள்கிறார், மருந்தை எதிர்க்கக் கற்ற கிருமி மனைவிக்குத் தொற்றுகிறது, மனைவி இறந்துபோகிறார். எச்சரிக்கை நியாயமானது. ஆனால் கதையில் வரும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொண்டைக் கிருமிக்கு எதிராக இன்றும் பென்சிலின்தான் முதல் மருந்து! ஃபிளெமிங் பயந்தது அளவு குறைவதைப் பற்றி. நாள் குறைவதைப் பற்றி அல்ல.

உங்கள் அப்பாவின் கிருமியை எடுத்துக்கொள்வோம். சிறுநீரிலிருந்து ரத்தத்துக்குப் போன கிளெப்சியெல்லா, குழாயை எடுத்தாயிற்று, காய்ச்சல் இரண்டு நாளில் இறங்கிவிட்டது. இப்படிப்பட்டவர்களுக்கு ஏழு நாளும் பதினான்கு நாளும் ஒரே பலன்தான் தருகின்றன என்று 2019இல் ஒரு ஆய்வு காட்டியது. 2024இல் ‘பேலன்ஸ்’ என்ற பெரிய ஆய்வு, 3,600க்கும் மேற்பட்ட ஆஸ்பத்திரி நோயாளிகளை வைத்து அதையே உறுதி செய்தது. 90 நாளில் இறந்தவர்கள் ஏழு நாள் குழுவில் 14.5 சதவீதம், பதினான்கு நாள் குழுவில் 16.1. நாள் கூடக்கூட நன்மை கூடவில்லை. குடலில் எதிர்ப்புக் கிருமிகள் வளர மட்டும் கூடுதல் அவகாசம் கிடைக்கிறது.

இதை வைத்துக்கொண்டு எல்லா மருந்தையும் பாதியில் நிறுத்திவிடாதீர்கள். ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் ரத்தத்தில் இருந்தால் குறைந்தது இரண்டு வாரம், பல நேரம் அதற்கும் மேல். இதய வால்விலோ எலும்பிலோ தொற்று என்றால் பல வாரங்கள். காசநோய்க்கு மாதக்கணக்கில். எத்தனை நாள் என்பது கிருமியையும் இடத்தையும் பொறுத்தது. அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

கிருமி ‘திரும்பி’ வந்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். அது போகவே இல்லை. ரத்தத்திலிருந்து போனது, குடலிலிருந்து போகவில்லை. கிளெப்சியெல்லாவுக்குச் சொந்த வீடே குடல்தான். பதினான்கு நாள் கொடுத்திருந்தாலும் இதே ரிப்போர்ட்தான் வந்திருக்கும்.

பழகியது உடம்பா, கிருமியா?

கிருமிதான். உங்கள் அப்பாவின் உடம்பு எந்த மருந்துக்கும் பழகவில்லை. நாளைக்கு எதிர்ப்பு இல்லாத வேறு கிருமி வந்தால் சாதாரண ஆண்டிபயாடிக்கே அவருக்கு நன்றாக வேலை செய்யும். மருந்தை எதிர்க்கும் சக்தி கிருமியின் மரபணுவில் எழுதப்பட்டிருக்கிறது. பிளாஸ்மிட் என்ற சிறிய வளையத்தில் அதை வைத்துக்கொண்டு, பக்கத்தில் இருக்கும் வேறு இனக் கிருமிக்குக்கூடக் கைமாற்றிவிடும். மருந்தின் வேலை இதில் தேர்வாளர் வேலை. எதிர்க்கத் தெரியாததைக் கொல்கிறது, தெரிந்ததை மிச்சம் வைக்கிறது.

உங்கள் அசித்ரோமைசினுக்கு இதில் எவ்வளவு பங்கு என்று யாராலும் அளந்து சொல்ல முடியாது. ஆறுதலுக்காகப் பங்கே இல்லை என்று சொல்லவும் மாட்டேன். எந்த ஆண்டிபயாடிக்கும் குடலைக் கலைத்துப் போடும். ஆனால் ஆஸ்பத்திரி வாசம், அறுவைக்கு முன் போடும் ஊசி, ஆறு நாள் குழாய், சர்க்கரை நோய் எல்லாம் சேர்ந்துதான் அன்றைய இரவு. அதை மொத்தமாக உங்கள் தலையில் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டாம். சளிக்கும் பெரும்பாலான தொண்டை வலிக்கும் காரணம் வைரஸ். அதற்கு ஆண்டிபயாடிக் எதுவும் செய்யாது. வீட்டில் மிச்சம் இருக்கும் அட்டையை மருந்துக் கடையிலோ ஆஸ்பத்திரியிலோ திருப்பிக் கொடுக்க வழியிருக்கிறதா என்று கேளுங்கள்.

தனி அறை வேண்டாம்

கர்ப்பமாக இருக்கும் தம்பி மனைவிக்கோ குழந்தைகளுக்கோ அப்பாவிடமிருந்து விலகி இருக்கத் தேவையில்லை. ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடலாம், பக்கத்தில் படுத்துக்கொள்ளலாம். இந்தக் கிருமி காற்றில் பரவாது. கழிவறையிலிருந்து கை வழியாகப் போகும். கழிவறைக்குப் போன பிறகும் சாப்பிடும் முன்பும் சோப்புப் போட்டுக் கை கழுவுவது, அவருடைய உள்ளாடையையோ டயப்பரையோ மாற்றுகிறவர் உடனே கை கழுவுவது, அவ்வளவு போதும். கர்ப்பிணிக்கு எப்படியும் கர்ப்ப காலத்தில் சிறுநீர் சோதனை செய்வார்கள். வீட்டில் இப்படி ஒருவர் இருக்கிறார் என்று அவர் தன் டாக்டரிடம் சொல்லி வைக்கலாம். குடலில் இந்தக் கிருமி பல மாதம், சிலருக்கு ஒரு வருடத்துக்கும் மேல் தங்கும். அதை விரட்ட மருந்து கொடுப்பதில் பலன் நிரூபிக்கப்படவில்லை. ‘போய்விட்டதா’ என்று மாதாமாதம் சோதிக்கவும் வேண்டாம்.

எப்போது ஓட வேண்டும்?

நடுக்கத்தோடு காய்ச்சல், விலாப்புறம் வலி, சிறுநீர் கழிக்கும்போது புதிதாக எரிச்சல், சிறுநீர் வெகுவாகக் குறைவது அல்லது அடைப்பது, சில மணி நேரத்துக்குள் திடீரென்று வரும் குழப்பம், மூச்சு வேகமாவது, கை கால் சில்லிட்டுப் போவது. இதில் எது வந்தாலும் இரவு பகல் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். வீட்டில் இருக்கும் மாத்திரை எதையும் கொடுத்துப் பார்க்க வேண்டாம். போனதும் முதலில் சொல்ல வேண்டியது: “போன முறை ரத்தத்தில் ஈ.எஸ்.பி.எல். கிளெப்சியெல்லா வந்தது.” இந்த ஒரு வாக்கியம் முதல் மருந்தின் தேர்வையே மாற்றும். போன முறை அனுமானத்தில் கழிந்த மூன்று நாள் இந்த முறை மிச்சமாகலாம். மறுபடி படுக்கையில் சேர்த்துச் சிறுநீர்க் குழாய் போட்டால், ரவுண்ட்ஸ் வரும் டாக்டரிடம் தினமும் ஒரு தடவை கேளுங்கள், “இது இன்னும் தேவையா?” யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, கேளுங்கள்.

கண் டாக்டரிடமும் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள், மறைக்க வேண்டாம். கல்ச்சர் ரிப்போர்ட், எந்த ஆண்டிபயாடிக் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்ற விவரம், டிஸ்சார்ஜ் சம்மரி, இவற்றின் நகலை ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். உங்களிடம் இருக்கும் சம்மரியில் ‘ஆண்டிபயாடிக் கொடுக்கப்பட்டது’ என்று மட்டும் எழுதியிருக்கிறார்கள். மருந்தின் பெயர்கூட இல்லை. அது போதாது, திருத்தி எழுதித் தரச் சொல்லுங்கள்.

தம்பியிடம் இந்தக் கடிதத்தைக் காட்டுங்கள். ஊசி போடச் சொன்ன டாக்டரிடமும் காட்டலாம். அறிகுறி எதுவும் இல்லை என்பதை அவருக்கு யாராவது தெளிவாகச் சொன்னார்களா, அல்லது ரிப்போர்ட்டை மட்டும் நீட்டினீர்களா என்று எனக்கு ஒரு சந்தேகம். அப்புறம், சிவப்பு வட்டம் போட்ட அந்தப் பழைய ரிப்போர்ட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கோப்பில் முதல் தாளாக வையுங்கள். நடுராத்திரியில் டூட்டி டாக்டர் தேடுவது அதைத்தான்.